சம்பளம் நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும்?

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கோல கெட்டில் பக்கம் யாரிடமாவது சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உடனே ஒரு தொகை வரும். "மூவாயிரம் வருது அண்ணே." அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. என்கிற மிகைநேர வேலைப் பணம் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சரி, அந்தச் சம்பளம் மொத்தமாக நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும் என்று கேட்டுவிட்டால் போதும், பேச்சு கோழி விலைக்கு மாறிவிடும். இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

பணம் பற்றி எழுதுகிறவர்கள் இதற்கு அவசர நிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாதம் மூவாயிரம் செலவாகிற வீட்டில் போய்ப் பதினெட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வை என்றால் கேட்கிறவர் சிரித்துவிட்டு எழுந்து போவார், அதில் தப்பும் இல்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் அவ்வளவு தேவைப்படாது. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும், இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் அது பெரும்பாலும் பதினெட்டாயிரத்தைவிட நன்றாகவே குறைந்து வரும்.

நிச்சயமில்லாத காலம் என்பது தோட்டத்து ஜனங்களுக்குப் புதிதில்லை. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் லயத்து வீடும் ஒன்றாகவே போயின. அதைப் பார்த்துத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க வைத்தார். ஆசிய நிதி நெருக்கடியின்போது 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்ததும், 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே அடங்கியதும் நமக்கே நினைவிருக்கும். செம்பனையை எடுத்துக்கொண்டால் 2022-இன் முற்பாதியில் ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளிக்கு மேல் போனது, அதே ஆண்டு பிற்பாதியில் 4,000-க்குக் கீழே இறங்கிவிட்டது.

இப்போது தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலரும் விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் ஏறி சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் போகிறார்கள். அங்கே செய்கிற பொருளுக்கு எங்கேயோ இருக்கிற நாட்டில் ஆர்டர் முடிவாகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி போட்டது. இப்படி ஏதாவது நடந்து ஆர்டர் குறைந்தால் கம்பெனி எடுத்த எடுப்பில் ஆளை நிறுத்தாது. சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லை என்று வாட்சாப்பில் ஒரு செய்தி வரும், அடுத்த வாரம் இன்னொன்று வரும், மாதக் கடைசியில் பார்த்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். வேலை இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பணம் இல்லை. பல குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடலாம். கணவர் ஃபேக்டரியில், அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி, ஓ.டி. 1,100, மொத்தம் 3,000. மனைவி ஒரு கடையில், 2025-இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு. சேமநிதி (ஈ.பி.எஃப்.), சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான சந்தா எல்லாம் பிடித்தது போக, ஓ.டி.யைச் சேர்க்காமல் இரண்டு பேர் கையிலும் வருவது சுமார் 3,175. இனி, கட்டாயச் செலவு. வீட்டுக் கடன் 650, கார் 520, மளிகையும் மீன் கோழியும் 900, பெட்ரோல் 250, பள்ளி வேனும் டியூஷனும் 300, மின்சாரம் தண்ணீர் 150, காப்புறுதி 150, போன் 130, பாட்டிக்கு 100. கூட்டினால் 3,150.

பாருங்கள், ஓ.டி. இல்லாமலே இந்த வீடு ஓடிவிடும், இருபத்தைந்து வெள்ளி மிஞ்சவும் மிஞ்சும். அப்படியானால் சிக்கல் எங்கே? அந்த 1,100-ஐ நம்பி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். புது மோட்டார் சைக்கிள் தவணை 230, கைப்பேசி 150, ஆன்லைனில் வாங்கிய சோபாவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பிறகு கட்டலாம் என்று போட்டது 280, கூட்டு என்கிற சீட்டுப் பணம் 300. எல்லாம் சேர்த்து 960. ஓ.டி. வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நின்ற மாதமே அடகுக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு. மாறி மாறி வருகிற பணத்தை நம்பி மாறாத தவணையில் கையெழுத்துப் போடக் கூடாது. ஓ.டி., அலவன்ஸ், போனஸ், விளைச்சல் நன்றாக இருக்கிற மாதத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் கூடுதலாக வருவது, இதெல்லாம் வந்தால் செலவு செய்யுங்கள், சேர்த்து வையுங்கள், பினாங்குக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள், யார் கேட்கப்போகிறார்கள். அதை வைத்து ஐந்து வருடத் தவணை எடுப்பதுதான் ஆபத்து.

இனி, எத்தனை மாதம் ஓடும் என்ற கணக்கு. கணவரின் வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மனைவி சம்பளம் கையில் 1,500 வருகிறது, கட்டாயச் செலவு 3,150, ஆக மாதம் துண்டு விழுவது 1,650. இந்த 1,650-தான் முக்கியமான எண். செலவு மொத்தத்தையும் ஆறால் பெருக்க வேண்டியதில்லை, துண்டு விழுவதைப் பெருக்கினால் போதும். ஒரே ஆள் சம்பாதிக்கிற வீட்டில் மட்டும்தான் இரண்டும் ஒன்றாக இருக்கும். அதனால் அந்த வீட்டுக்குத்தான் கையிருப்பு அதிகம் வேண்டும், கசப்பான விஷயம் என்னவென்றால் சேர்ப்பதும் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது, சொக்சோவின் வேலைக் காப்புறுதி. சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. என்று ஐந்தாறு வெள்ளி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2018 ஜனவரியிலிருந்து பிடிக்கிறார்கள், தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை போனால் வேலை தேடும் காலத்துக்கு இதிலிருந்து பணம் கிடைக்கும் என்பது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அது பெரிய ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு என்று நினைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்த கணக்குப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. எவ்வளவு காலம் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை கிடைக்கும். இதில் ஒரு நல்ல விஷயம், சொக்சோ கணக்கில் ஓ.டி.யும் சம்பளமாகச் சேரும்.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 3,000 என்றால் முதல் மாதம் 2,400 வரும், துண்டு விழுந்த 1,650 போக 750 மிச்சம். இரண்டாம் மாதம் 1,500, அதாவது 150 குறைகிறது. மூன்றிலும் நான்கிலும் 450 குறைகிறது, ஐந்திலும் ஆறிலும் 750. முதல் மாத மிச்சத்தைக் கழித்துவிட்டால் ஆறு மாதத்துக்கும் சேர்த்து வீடு தன் கையிலிருந்து போட வேண்டியது 1,800 வெள்ளி. மனு செய்த அன்றே பணம் வந்துவிடாது என்பதால் ஒரு மாதத் துண்டையும் முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டால் 3,450. இந்த வீட்டுக்குப் பதினெட்டாயிரம் வேண்டாம், மூவாயிரத்து ஐந்நூறு இருந்தால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம். அந்த 960 வெள்ளித் தவணைகள் இல்லாமல் இருந்தால், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. நீங்களாக வேலையை விட்டால் இந்தப் பணம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினாலும் கிடையாது, ஒப்பந்தக் காலம் முடிந்து போனாலும் கிடையாது. அதனால் ஆள் குறைக்கிற சமயத்தில், "ராஜினாமா என்று எழுதிக் கையெழுத்துப் போடு, உன் பெயருக்கு நல்லது" என்று யாராவது பேப்பரை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ராஜினாமா என்றால் எஸ்.ஐ.பி. பணமும் போகும், ஆள்குறைப்பு இழப்பீடும் போகும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு செய்யவும் வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த 60 நாள் ஓடிவிடும்.

"ஈ.பி.எஃப். இருக்கிறதே, பார்த்துக்கலாம்" என்பது ஊரில் அடிக்கடி கேட்கிற பேச்சு. 2024 மே 11 முதல் நம் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது, ஓய்வுக்காலத்துக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10. எப்போது வேண்டுமானாலும் என்றதும் பலருக்கு நிம்மதி வந்துவிட்டது. எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தீர்களா? 1,900 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து சுமார் 456 வெள்ளி. அதில் பத்து விழுக்காடு 45 வெள்ளி 60 காசு. ஒரு வருடம் தொடாமல் விட்டால்கூட 550 வெள்ளி சேராது, நம் ஆட்களோ கைப்பேசியில் சேமநிதிச் செயலி வழியாக ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அது மட்டுமில்லை, ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதே இல்லை. மாதம் மூவாயிரம் வாங்குகிறவருக்கு 1,900-க்குத்தான் சேமநிதி சேர்கிறது. கொரோனா காலத்தில் நான்கு தடவை சிறப்பு அனுமதி கொடுத்து நாடு முழுக்க 145 பில்லியன் வெள்ளியை எடுக்க விட்டார்கள். அப்போது எடுத்ததை யாரும் குறை சொல்ல முடியாது, அடுப்பெரிய வேண்டுமே. ஆனால் அப்படிக் காலி செய்த கணக்கை இன்னொரு நெருக்கடிக்கும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

நகைக்கு வருவோம். நம் வீடுகளில் உண்மையான சேமிப்பு அலமாரியில் துணிக்கு அடியில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதால் பாட்டி வாங்கி வைத்த சங்கிலிக்கு இப்போது நல்ல மதிப்பு. தங்கம் கெட்ட சேமிப்பு என்று நான் சொல்லமாட்டேன், பாங்கில் வைத்திருந்தால் என்றோ செலவாகியிருக்கும் பணம் தங்கமாக இருப்பதால்தான் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் விற்றால் கொடுத்த கூலி திரும்ப வராது, அடகு வைத்தால் வட்டி. உரிமம் பெற்ற அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி போடலாம், வருடத்துக்கு 24. அர்-ரஹ்னு என்கிற இஸ்லாமிய அடகு முறையில் வட்டிக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கட்டணம் வாங்குவார்கள், அங்கே முஸ்லிம் அல்லாதவர்களும் நகை வைக்கலாம். அது பொதுவாகக் குறைவாக வரும், இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு வையுங்கள். எங்கே வைத்தாலும் நகைக்கு எவ்வளவு கொடுப்பார்களோ அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த மாதம் துண்டு விழுந்த தொகையை மட்டும் வாங்குங்கள். மீட்பதற்குச் சுலபமாக இருக்கும்.

கூட்டு பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் 300 கட்டி ஆளுக்கொரு மாதம் 3,000 எடுக்கிற வழக்கம் தோட்டத்திலிருந்தே வருவது, அந்தக் காலத்தில் பாங்க் பக்கம் போக முடியாதவர்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்திருக்கிறது, பிடிப்பவர் ஓடிவிட்டால் உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பொருளாதாரம் கெடும்போது ஒரே ஃபேக்டரியில் வேலை செய்கிற பத்துப் பேருக்கும் ஒரே மாதத்தில் ஓ.டி. நிற்கும். உங்களுக்குப் பணம் தேவைப்படுகிற அதே சமயத்தில்தான் மற்ற ஒன்பது பேராலும் கட்ட முடியாமல் போகும்.

ஆலோங் என்கிற உரிமம் இல்லாத வட்டிக்காரர்கள் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், ஊரில் தெருவுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆயிரம் என்று சொல்லி முன்வட்டி கழித்து எண்ணூறு கொடுப்பார்கள், பாங்க் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உரிமம் பெற்ற வட்டிக்காரர் பிணை இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, பிணை இருந்தால் 12. உங்களிடம் யாராவது பாங்க் அட்டையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. மத்திய வங்கியான பாங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து, பாங்குகளிடம் பேசி, மாதத் தவணையை உங்களால் கட்ட முடிகிற அளவுக்கு மாற்றிக் கொடுக்க முயல்வார்கள். தவணை தவறுவதற்கு முன் போவதுதான் நல்லது. வாடகைக் கொள்முதலில் எடுத்த கார் என்றால் தொடர்ந்து இரண்டு தவணை விட்டாலே பறிமுதல் நோட்டீஸ் அனுப்பக் கம்பெனிக்கு உரிமை வந்துவிடும். கார் போனால் வேலைக்குப் போகிற வழியும் போகும், எனவே பணம் பற்றாத மாதத்தில் கார்த் தவணையைத் தள்ளிவிட்டு சோபாவுக்குக் கட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், சோபாக்காரன் தினமும் செய்தி அனுப்புவான், கார்க் கம்பெனி அனுப்பாது, அதனால் அப்படித்தான் நடக்கிறது.

சரி, அந்த மூவாயிரத்து ஐந்நூறை எப்படிச் சேர்ப்பது? மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. ஓ.டி. வருகிற மாதத்தில் சம்பளம் ஏறிய அன்றே அதில் பாதியை வேறொரு பாங்கில் இருக்கிற கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம், கைப்பேசியிலும் செயலி வேண்டாம். 1,100-இல் பாதி 550, ஏழு மாதத்தில் தொகை வந்துவிடும். பாங்க் திவாலானால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு, ஒரு பாங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நம் பிரச்சினை அதுவாக இருந்தால் சந்தோஷம்தான்.

இதில் தீபாவளியைச் சேர்க்காதீர்கள். தீபாவளி, பள்ளி திறப்பு, கார் ரோட் டேக்ஸ், தங்கை மகள் சடங்கு எல்லாம் எந்த மாதம் வரும் என்று முன்பே தெரிந்தவை, அவசரம் இல்லை. அதற்கு ஒரு தனி உறை போட்டுக்கொள்ளலாம். அரசாங்கம் கொடுக்கிற ரஹ்மா உதவித்தொகை, அடையாள அட்டையைக் காட்டிப் பொருள் வாங்குகிற சாரா பணம் எல்லாம் வரும்போது மளிகைச் செலவு குறையும், அந்த மாதம் குறைந்ததைச் சேமிப்பில் போடுங்கள். மாத வருமானக் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள், அடுத்த வருடம் எவ்வளவு கொடுப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்பது பட்ஜெட்டில் மாறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, சம்பளச் சீட்டே இல்லாதவர்கள். காண்ட்ராக்டில் குலை வெட்டுகிறவர், காலையில் நாசி லெமாக் போடுகிற அக்கா, கிராப் ஓட்டுகிற தம்பி. முதலாளி என்று ஒருவர் இல்லாததால் எஸ்.ஐ.பி. இல்லை, அதனால் நான் மேலே போட்ட 3,450 கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது, துண்டு விழுவதை முழுதாகவே பெருக்கிக்கொள்ள வேண்டும். வருமானத்துக்கு எந்த எண்ணை எழுதுவது என்றால், போன வருடத்தில் ஆகக் குறைவாக வந்த மாதத்தை எழுதுங்கள். சராசரி வேண்டாம், மழை மாதமும் நோன்பு மாதமும் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டத்தில் தானாகப் பணம் போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துக் கொடுக்கிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி. அதாவது நீங்கள் 2,500 போட்டால் 500 வரும், அதைவிட நல்ல லாபம் ஊரில் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான் உடனே எடுக்க முடிகிற கணக்கில் விழும் என்பதால், முதலில் பாங்கில் மூன்று மாதத் துண்டைச் சேர்த்துவிட்டு அப்புறம் அதில் போடத் தொடங்குங்கள்.